அறுப்பின் பண்டிகை ஏலமும் பாக்கி நிற்கும் நடவுக் கூலியும்

குடமுருட்டிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் லுத்தரன் சபையில் போன ஞாயிறு அறுப்பின் பண்டிகை. சம்பா அறுத்து முடிந்த நேரம் என்பதால் பீடத்துக்கு முன்னால் கால் வைக்க இடமில்லை. நெல் மூட்டை, வாழைத்தார், கரும்பு, இளநீர்க் குலை, கால் கட்டிய சேவல், தட்டுத் தட்டாக முட்டை. ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல ஏலம். ஒரு பூசணிக்காயை எங்கள் சபையின் பெரிய விவசாயி ஒருவர் 12,000 ரூபாய்க்கு எடுத்தார். கைதட்டல் அடங்கவே நேரமானது. சபைப் போதகரான ஐயர் அவர் குடும்பத்துக்காகத் தனியாக ஜெபம் செய்தார்.

அந்த நேரத்தில் பின்பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் அவர் வயலில் ஐப்பசியில் நட்டவர்கள். நடவுக் கூலியில் பாதிதான் அவர்கள் கைக்கு வந்திருக்கிறது. "மீதியை அறுத்ததும் தருகிறேன்" என்றார். அறுத்தாயிற்று. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணமும் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. இப்போது "பங்குனி பிறக்கட்டும்" என்கிறாராம். அந்தப் பெண்களில் ஒருவர் அன்று மடித்த நூறு ரூபாயைக் காணிக்கைக் கவரில் வைத்து, கட்டைவிரலால் நீவி நீவி ஒட்டித் தட்டில் போட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அந்த விவசாயியைப் போலி என்று நான் சொல்லவில்லை. விடியற்காலம் எழுந்து ஜெபிக்கிறவர். கோயில் மதில் சுவருக்கு சிமெண்ட் அத்தனையும் அவர் செலவு. பாட்டுப் பாடும்போது கண்ணீர் விடுகிறவர். அந்தக் கண்ணீர் பொய் இல்லை என்று நம்புகிறேன், அதனால்தான் மனசு கனக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் விசுவாசம் எப்படிப்பட்டது என்பது அந்த மீதிக் கூலியில் தெரியும், பூசணியில் தெரியாது. இது தவறு என்கிறவர்கள் வேதத்தோடு சொல்லுங்கள். அப்புறம், இதை அவரிடம் யார் எப்படிப் பேசுவது என்றும் எனக்கு யோசனை வேண்டும்.


கிருபை_மட்டும் எழுதியது:

அண்ணா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. கூலியைப் பிடித்து வைப்பது பாவம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. ஆனால் அதை வைத்து ஒருவருடைய விசுவாசத்தை எடை போடலாம் என்று நீங்கள் சொல்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று எபேசியர் 2:8 சொல்கிறது. அடுத்த வசனம், ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால், அதாவது நம் செயல்களினால், உண்டானதல்ல என்கிறது. இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளன் யாருடைய பாக்கியைத் தீர்த்தான்? அவனுக்குத்தான் இன்றைக்கு என்னோடு பரதீசிலிருப்பாய் என்ற வாக்குக் கிடைத்தது.

லுத்தர் மடத்தில் இருந்த காலத்தில் உபவாசம், விழிப்பு, பாவ அறிக்கை என்று தன்னை வாட்டி எடுத்தும் இன்னும் போதாது என்ற பயம் அவரை விடவில்லை. 1522ல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தபோது முன்னுரையில், கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிற யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றே எழுதினார். எங்கள் ஆத்தாளும் அதே பயத்தோடுதான் செத்துப்போனார். கடைசி நாள்வரை "நான் போதுமான அளவு செய்தேனா" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியை மறுபடியும் யார் தலையிலும் ஏற்றிவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.


ஓய்வுபெற்ற_உபதேசியார் எழுதியது:

தம்பி கிருபை, உங்கள் ஆத்தாளுக்கு ஆறுதல் சொல்ல அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்திருந்தால் நீங்கள் எழுதிய அதே வசனத்தைத்தான் சொல்லியிருப்பேன். சாகக் கிடக்கிறவரிடம் யாக்கோபைத் திறக்கக் கூடாது. ஆனால் திடகாத்திரமாக, வங்கியில் பணத்தோடு இருக்கிறவரிடம் திறக்கலாம்.

எபேசியர் 2ல் 8, 9 படித்துவிட்டு நிறுத்திவிட்டீர்கள். 10ஆம் வசனம், நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது. மூன்றையும் எழுதியவர் பவுல்தான், மூச்சு விடாமல் எழுதியிருக்கிறார். லுத்தரும் அப்படித்தான். வைக்கோல் என்று எழுதிய அதே புதிய ஏற்பாட்டில் ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய முன்னுரையைப் பாருங்கள். விசுவாசம் உயிருள்ளது, சும்மா இருக்கத் தெரியாதது, நற்கிரியை செய்யவேண்டுமா என்று கேட்பதற்குள் செய்து முடித்திருக்கும் என்ற கருத்தில் எழுதியிருப்பார்.

ஆபிரகாமை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பவுலும் யாக்கோபும் இரண்டு பேருமே அவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். ஆதியாகமம் 15ல் பிள்ளை இல்லாத கிழவன் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துக் கர்த்தரை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. ரோமர் 4 நிற்கிற இடம் அது. மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்கு ஏறுவது 22ஆம் அதிகாரம். நடுவில் எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது, இஸ்மவேல் பிறந்து வளர்ந்தே விட்டான். யாக்கோபு இந்த மலையைக் காட்டிவிட்டு, 15ல் எழுதியிருந்த வேதவாக்கியம் இங்கேதான் நிறைவேறிற்று என்கிறார். 15ல் கிடைத்த நீதியை 22ல் சம்பாதித்தான் என்று அவர் சொல்லவில்லை. உள்ளே இருந்தது அங்கே வெளியே வந்தது.

கள்ளனைப் பற்றியும் ஒன்று. அவன் கையும் காலும் ஆணியில் இருந்தன. அவனுக்கு மிச்சம் இருந்தது வாய் ஒன்றுதான். அந்த வாயால் பக்கத்தில் தூஷித்தவனைக் கடிந்தான், நாம் நடப்பித்தவைகளுக்குத் தக்க பலனை அடைகிறோம் என்று தன் குற்றத்தை ஊரறியச் சொன்னான், ஊரே கைவிட்ட ஒருவரை ஆண்டவரே என்றான். செய்ய முடிந்த அத்தனையையும் செய்துவிட்டுத்தான் செத்தான். நம்மில் எவருக்கும் கை கட்டியில்லை.


நடவுக்காரி_மகள் எழுதியது:

நான் இப்போது திருச்சியில் நர்ஸ். என் அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முட்டி தேய்ந்து படுக்கிறவரை நடவு நட்டவர். இங்கே எல்லாரும் வசனமாகப் பேசுகிறீர்கள், நல்லதுதான். பாதிக் கூலி என்றால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன்.

விடியும்போதே வயலில் இருக்கவேண்டும். நாற்று முடிச்சைப் பிரித்து இடது கையில் வைத்துக்கொண்டு குனிந்தால் பின்னாலேயே நடந்து நடந்து கரை வரும்வரை நிமிர முடியாது. ஐப்பசி மழை முதுகில் கொட்டும், தலைக்கு உரச் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருப்பார்கள். சாயங்காலம் வந்தால் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். அம்மா அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து ஒவ்வொரு விரலாகத் தடவுவார், பல்லைக் கடித்துக்கொண்டு. முழுக் கூலி வந்தால் மளிகைக் கடைப் பாக்கி தீரும். பாதி வந்தால் கடைக்காரர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு போகவேண்டும். குழுக் கடன் வசூலுக்கு வருகிறவர் மிராசுதார் பங்குனியில் தருவார் என்ற கதையைக் கேட்கமாட்டார், திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அதற்கு வட்டிக்கு வாங்கவேண்டும். ஆக, அந்தப் பெரியவர் பிடித்து வைத்திருக்கிற பணத்துக்கு வட்டி கட்டுகிறவர்கள் இந்தப் பெண்கள். அந்தப் பூசணியை வாங்கியது யார் பணம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது." யாக்கோபு 5:4. நெல் விளைகிற எங்கள் ஊர் சபையில் பிரசங்க வசனமாக இதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. லேவியராகமம் 19:13ல் கூலிக்காரனின் கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்றிருக்கிறது. விடியற்காலம்வரை! பங்குனிவரை இல்லை.

கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்தது 1968 டிசம்பர் 25 இரவு. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதில் முற்றிய பகை அது. பெண்கள், பிள்ளைகள், வயசானவர்கள். கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் வீட்டில் அம்மா அந்த இரவைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை. கூலி என்பது இந்த மண்ணில் சின்ன விஷயம் கிடையாது, ஐயா.


தரங்கை_வாசகர் எழுதியது:

அக்கா எழுதியதற்குப் பிறகு எழுதக் கை வரவில்லை. ஆனால் நம் டெல்டாவின் சபை வரலாறே இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பதால் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை 9. மறுநாள் அவருக்கு 24 வயது. 1715ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதற்காகவும் 1718ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்காகவும் அவரைக் கொண்டாடுகிறோம். அதற்கெல்லாம் முன்பே, 1708 கடைசியில், டேனிஷ் கோட்டையில் அவரை அடைத்து வைத்தார்கள், ஏறக்குறைய நான்கு மாதம். அந்தப் பகை முற்றக் காரணமாக இருந்தவற்றில் ஒன்று ஓர் ஏழை விதவையின் வழக்கு. நாவிதத் தொழில் செய்த கணவன் இறந்த பிறகு கடன் தகராறு, எதிர்ப்பக்கத்தில் டேனிஷ் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர். அந்தப் பெண்ணுக்காக சீகன்பால்க் திரும்பத் திரும்பத் தலையிட்டார், கோட்டைத் தளபதிக்கு அது பிடிக்கவில்லை. பிரசங்கம் மட்டும் செய்துகொண்டு அவர் சும்மா இருந்திருக்கலாம்.

அடுத்தது தஞ்சாவூர் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர். 1750ல் வந்தவர், 1798ல் தஞ்சையிலேயே இறந்தார். ஹைதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினி. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டுவர மாடும் ஆளும் கிடைக்கவில்லை. ஏன் தெரியுமா? முன்பு கொண்டுவந்தவர்களுக்குச் சொன்ன பணத்தைக் கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். ராஜா சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. ஸ்வார்ட்ஸ் தன் பெயரில் ஓலை அனுப்பி, பணத்தை என் கையாலேயே தருகிறேன் என்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. சொன்னபடி அவரே கொடுத்தார். பிறகு, கொடுமை தாங்காமல் ஊரை விட்டு ஓடிய விவசாயிகளும் அரசாங்கத்தின் வாக்கை நம்பாமல் அவர் வாக்கை நம்பித்தான் திரும்பி வந்து வயலில் இறங்கினார்கள்.

தஞ்சையில் சிவகங்கைத் தோட்டத்துப் பக்கம் இருக்கிற அவருடைய ஆலயத்தில் ஒரு பளிங்குச் சிற்பம் உண்டு. செய்தவர் ஃபிளாக்ஸ்மன், செய்யச் சொன்னவர் சரபோஜி மன்னர். மரணப் படுக்கையில் ஸ்வார்ட்ஸ், பக்கத்தில் மன்னர். சரபோஜி ஞானஸ்நானம் பெற்றவர் இல்லை. ஆனால் அந்த மனிதரின் விசுவாசம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

தரங்கை அண்ணன் சொன்னது எல்லாம் சரி. சொல்லாமல் விட்டதையும் சொல்லவேண்டும். அதே தஞ்சைச் சபையில் சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள், நற்கருணையில் அப்பமும் ரசமும் எடுப்பதில் முந்தி பிந்தி இருந்தது. அந்த நல்ல ஐயர்மார்களும் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை இருக்கவே கூடாது, உடனே விடவேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சையில் பெரிய கூட்டம் அதை எதிர்த்துச் சபையை விட்டே வெளியேறியது. ஜெபத்தில், பாட்டில், வேத அறிவில் குறைந்தவர்கள் இல்லை அவர்கள். ஒரே கிண்ணத்தில் குடி என்றபோதுதான் நின்றுவிட்டார்கள்.

யாக்கோபு 2ஆம் அதிகாரம் கிரியையைப் பற்றி எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தையானவனுக்குப் பாதபடியண்டை. உட்காரும் இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. குடமுருட்டி அண்ணா, உங்கள் சபையில் அந்தப் பெண்கள் பாயில் உட்காருகிறார்கள் என்று எழுதினீர்கள். பெஞ்சு இல்லையா? அல்லது அவர்களுக்கு மட்டும் பாயா?


குடமுருட்டிக்கரை எழுதியது:

பெஞ்சு இருக்கிறது தம்பி. முன்னால் ஆறு வரிசை. யாரும் அவர்களை உட்காராதே என்று சொல்வதில்லை, அவர்களும் வந்து உட்காருவதில்லை. உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வெகு நேரம் யோசித்தேன். இதையும் கமிட்டியில் எடுக்கவேண்டும்.


கடைமடை எழுதியது:

நான் தலைஞாயிறு பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடை. பெந்தெகொஸ்தே சபை. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தாயிற்று என்று பேப்பரில் போடுவார்கள், பூத் தூவுகிற படமும் வரும். அந்தச் செய்தியால் எங்கள் வயல் ஈரமாகாது. சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் சொல்லி அனுப்புகிறதை யாக்கோபு எழுதினாரே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம்தான் கண்ணில் வரும்.

ஒன்று சொல்கிறேன். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் குறைந்த வருஷம் முறை வைத்துத்தான் விடுவார்கள். மேல்மடைக்காரர்கள் இராத்திரியில் முறை முடிந்தாலும் மதகுப் பலகையை எடுத்து வைப்பதில்லை. யார் பார்க்கப்போகிறார்கள்? மேல்மடையில் ஒரு விசுவாசி அண்ணன் இருக்கிறார். அவர் முறை நடுராத்திரிக்கு மேல் முடியும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, தானே பலகையைப் போட்டு, இடுக்கில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், நான் அந்தப் பக்கம் தண்ணீர் திருட வருகிறார்களா என்று காவல் காத்துக்கொண்டு படுத்திருந்தவன். அந்த வருஷம் அவருடைய மேட்டு வயல் ஒரு துண்டு காய்ந்து வெடித்துப்போனது. அவர் தெருக்காரர்களே பிழைக்கத் தெரியாதவன் என்றார்கள். அவர் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை, கூட்டத்தில் பேசுகிறவரும் இல்லை. எங்கள் பாஸ்டர் கீழ்ப்படிதல் என்று பிரசங்கித்தால் எனக்கு அவர் முகம்தான் வருகிறது.


பக்கத்து_வயல் எழுதியது:

நான் கிறிஸ்தவன் இல்லை, மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறவன். ஒரு நண்பர் இந்த இழையை அனுப்பினார். எழுதலாமா என்று தயங்கினேன், ஆனால் எழுதத் தோன்றுகிறது.

எங்கள் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு பருவத்துக்குப் பில் கிளார்க்காக ஒரு பையன் வந்தான், கிறிஸ்தவப் பையன். மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் கொடுக்காமல் நெல் எடை போட்டதாகச் சரித்திரம் இல்லாத இடம் அது. அந்தப் பையன் வாங்கவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் மீட்டரை எங்கள் கண் முன்னாலேயே காட்டிவிட்டுத் தூற்றச் சொல்வான், வந்த வரிசைப்படி 40 கிலோ பிடித்துப் போடுவான். கூடினால் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் காயவைத்துக் கொண்டுவா என்பான். அதனால் பெரிய ஆட்களுக்கும் அவன் மேல் கோபம், கூட வேலை பார்த்தவர்களுக்கும் கோபம். அவன் வாங்காததால் அவர்களுக்கும் வரும்படி நின்றது. அடுத்த பருவம் அவனைக் கூப்பிடவில்லை.

போகும்போது ஏன் தம்பி இப்படி, கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாமே என்று கேட்டேன். ஞானஸ்நானம் எடுத்திருக்கிறேன் மாமா என்றான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவன் எந்தச் சபை, என்ன கொள்கை என்றெல்லாம் எனக்குத் தெரியாது. உங்கள் பேச்சில் அவனை மாதிரி ஆட்கள் வந்தால் அந்தச் சபை அவர்களுக்கு என்ன செய்கிறது என்றும் யோசியுங்கள். வேலை போனபின் அந்தப் பையன் வீட்டில் யார் அரிசி வாங்கிப் போட்டது?


கிருபை_மட்டும் எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி என்னை உறுத்துகிறது. நேர்மைக்காக நஷ்டப்பட்டவனைத் தாங்குவதும் சபையின் கீழ்ப்படிதல்தான்.


வேளாங்கண்ணி_வழி எழுதியது:

நான் கத்தோலிக்கப் பெண், நாகப்பட்டினம் மாவட்டம். எங்கள் மறைக்கல்வியில் விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அண்ணன் காயீன் கொன்ற ஆபேலின் இரத்தம் ஒன்று. ஏழை, விதவை, அநாதை, அந்நியர் ஆகியோரை ஒடுக்குவது அதில் வரும். உழைத்தவன் கூலியை மறுப்பதும் அதில் ஒன்று. கொலையோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள், சும்மா இல்லை. பாவசங்கீர்த்தனம் செய்கிறபோதும் திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் மனசு இல்லாமல் வாயால் மட்டும் மனஸ்தாபப்பட்டால் அது சரியான மனஸ்தாபம் ஆகாது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆவணியில் வேளாங்கண்ணியில் கொடியேறும்போது எங்கள் தெரு வழியாகக் காவி கட்டி நடந்து போகிறவர்கள் ஆயிரக்கணக்கில். எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், கால் கொப்பளித்து. அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன், நானும் நடந்திருக்கிறேன். ஆனால் 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்து போனபின், எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனபின், சேற்றிலிருந்து உடல்களை மதம் பார்க்காமல் தூக்கியவர்களையும் பார்த்தேன். என் சித்தப்பா ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவர் இல்லை. அன்றிலிருந்து பல நாள் அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வேலையைத்தான் செய்தார். அதன் பிறகு அவரைப் பூசைக்கு வரவில்லை என்று எங்கள் பாட்டி திட்டியதே இல்லை. தோட்டத்தில் வேலை செய்யப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு அப்புறம் போன மகனையும், போகிறேன் ஐயா என்று சொல்லிப் போகாத மகனையும் மத்தேயு 21ல் ஆண்டவர் சொன்னாரே, எனக்குச் சித்தப்பா அந்த முதல் மகன்.


கிருபை_மட்டும் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். கூலி விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன், நடவுக்காரி மகள் அக்கா. ஆனால் என் பிடியை முழுக்க விடமாட்டேன். அந்தப் பெரியவரிடம் போகிறவர்கள் இதைக் கொடுக்காவிட்டால் நீ இரட்சிக்கப்பட்டவன் இல்லை என்று போய் நிற்காதீர்கள். வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயுவைப் பாருங்கள். இயேசு முதலில் நான் உன் வீட்டிலே தங்கவேண்டும் என்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவன் எழுந்து, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். பயமுறுத்தி வாங்கியிருந்தால் அவன் வாங்கினதை மட்டும் கொடுத்து நிறுத்தியிருப்பான்.


ஓய்வுபெற்ற_உபதேசியார் எழுதியது:

நன்றாகச் சொன்னீர்கள் தம்பி, அந்த வரிசை முக்கியம். அதோடு இதையும் கவனியுங்கள், சகேயு அன்றைக்கே சொன்னான், அடுத்த மாதம் என்று சொல்லவில்லை.

குடமுருட்டித் தம்பிக்கு: மத்தேயு 18:15ன்படி முதலில் தனியாகப் போங்கள். சபையில் போட்டு உடைக்காதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வார்த்தை வரக் கூடாது. அவர் சாப்பிட்டு ஓய்வாக இருக்கும் சாயங்கால நேரமாகப் பார்த்துப் போங்கள். கேட்கவில்லையானால் அடுத்த முறை ஐயரையோ ஒரு மூப்பரையோ கூட்டிக்கொள்ளுங்கள். வரும் வருஷம் அறுப்பின் பண்டிகை அறிவிப்போடு மத்தேயு 5:23, 24ஐயும் ஐயர் வாசிக்கட்டும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்ற வசனம் அது. யாருக்காவது கூலி பாக்கி வைத்திருப்பவர்கள் அதைத் தீர்த்துவிட்டு மூட்டையைக் கொண்டுவாருங்கள் என்று இரண்டு ஞாயிறு முன்னதாகவே சொன்னால் போதும், ஒருவர் பெயரும் வராது.


நடவுக்காரி_மகள் எழுதியது:

அண்ணா, ஒரு விஷயம் மறந்துவிடாதீர்கள். யார் சொன்னது என்று அவர் முதலில் கேட்பார். ஒரு பெயர் சொன்னாலும் குறுவைக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிடமாட்டார். இப்போதே நடவு மிஷின் வந்து பாதி வேலை போய்விட்டது. நீங்களே பார்த்ததாக, நீங்களே கேட்பதாகப் பேசுங்கள். பணம் தந்தால் ஆள் கூட்டி வருகிறவர் கையில் மொத்தமாகக் கொடுக்கவேண்டாம், ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கச் சொல்லுங்கள்.


குடமுருட்டிக்கரை எழுதியது:

நேற்று சாயங்காலம் போய்வந்தேன். அவர் திண்ணையில்தான் இருந்தார். யார் பெயரையும் எடுக்கவில்லை. "அண்ணே, உங்கள் ஜெபத்தை நான் மதிக்கிறேன், அதனால்தான் வந்திருக்கிறேன்" என்று ஆரம்பித்துக் கூலியைச் சொன்னேன். கோபம் வந்தது. "கோயிலுக்கு இவ்வளவு செய்கிறேன், அது உன் கண்ணில் படவில்லையா? உரக்கடைப் பாக்கி, மிஷின் வாடகை, பேத்தி காலேஜ் ஃபீஸ் எல்லாம் யார் கட்டுவது?" என்றார். அந்தச் செலவெல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. யாக்கோபு 5:4ஐ மட்டும் சொன்னேன், விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பதில் பேசவில்லை. நானும் எழுந்துவிட்டேன்.

செருப்பைப் போடும்போது உள்ளேயிருந்து அவர் மனைவி ஒரு நோட்டோடு வந்தார். யார் யார், எத்தனை நாள், எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு நிற்கிறது என்று அந்த அம்மாவே தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். "இதைத்தான் நானும் தையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்று அவர் மடியில் வைத்தார். அவர் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்துவிட்டேன்.

இன்று மத்தியானம் ஆள் விட்டு அந்தத் தெருவில் ஏழு பேருக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார், அவரவர் கையில். மற்றவர்களுக்குச் சனிக்கிழமை என்று சொல்லியிருக்கிறாராம். சனிக்கிழமை விசாரித்துவிட்டு எழுதுகிறேன். பெஞ்சு விஷயத்தை அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.


நடவுக்காரி_மகள் எழுதியது:

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அண்ணா, அந்த நோட்டில் களை எடுத்த கூலியும் எழுதியிருக்கிறதா என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் நடவுக் கூலியைத்தான் எழுதுவார்கள். களைக்கு இரண்டு முறை இறங்கியிருப்பார்கள், அது கணக்கில் வராமலே போய்விடும்.


குடமுருட்டிக்கரை எழுதியது:

பார்க்கவில்லை அக்கா. சனிக்கிழமை அந்த அம்மாவிடமே கேட்கிறேன்.